கவுன்சில் வாங்கிய குட்டைப் புல்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பல வருஷம் ஸ்டோரில் மரப்பெட்டிகளின் மேல் பெயிண்டால் எழுதிப் பழகிய கை இது. காகிதத்தில் எழுதினாலும் எழுத்துகள் பெட்டி அளவுக்கே வருகின்றன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர, பெரிய ற இரண்டும் எதிரே வந்தால் எதற்கு வழிவிடுவது என்று இன்றும் தெரியாது. பிழை கண்ணில் பட்டால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். இதையே வாயால் சொல்லலாமே என்றால், நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சிக் கவுன்சிலில் ஸ்டோர் ஆளாக இருந்தேன். எந்தக் கவுன்சில் என்று சொல்லமாட்டேன். பென்ஷனுக்காகக் காத்திருப்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் கவுன்சில் பொருள் வாங்கும் அழகைக் கொஞ்சம் சொல்லவேண்டும். புல் வெட்டும் மெஷின் தேவையென்றால், இரும்புக்கடைத் தவுக்கே, சீன முதலாளி, தன் கடைப் படப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். அதில் உள்ளதை நிதிப் பிரிவுக் கிராணி ஒரு வரி விடாமல் டெண்டரில் எழுதுவார். சக்கரம் இந்த அளவு, கைப்பிடி இப்படி வளைந்திருக்கவேண்டும், நிறம் ஆரஞ்சு. பிறகு சட்டப்படி மூன்று பேரிடம் விலை கேட்பார்கள். ஆரஞ்சு மெஷின் தவுக்கேயிடம் மட்டும்தான் இருக்கும். மற்ற இரண்டு பேரும் அவருடைய மைத்துனர்கள்.

கிராணி கெட்டவர் இல்லை. தவுக்கேயிடம் ஒரு காபிகூடக் குடிக்கமாட்டார். அவருடைய அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மகன் டவுனில் கழுத்துப்பட்டை கட்டிய பிறகும் நாங்கள் அவரைக் கிராணி என்றே கூப்பிட்டோம். அவருடைய கொள்கை ஒன்றுதான்.

“போன வருசம் வாங்கினதையே வாங்கினா ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான்டா. புதுசா வாங்கினா ஆடிட்காரன் வந்து என் நாற்காலியையே எண்ணுவான்.”

அந்த நேரத்தில்தான் கொள்முதல் பிரிவுக்குப் புது அதிகாரி வந்தார். தைப்பிங்கைச் சேர்ந்த சிலோன் தமிழ்க் குடும்பத்துப் பெண். ‘மிஸ்’ என்று கூப்பிடுவோம். அவருடைய தமிழைக் கேட்க ஸ்டோர் ஆட்கள் வேண்டுமென்றே சந்தேகம் கேட்கப் போவார்கள்.

மிஸ் வந்த சில மாதங்களில் மேலிடத்திலிருந்து ஒரு பயிற்சி வந்தது. அரசாங்க ஆபீஸ்கள் புதிய விஷயங்களை எப்படித் தேர்ந்து வாங்கவேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் வந்து சொல்லித் தருவார்களாம். ஈப்போவில் ஒரு மண்டபம், இரண்டு நாள், மதியம் பிரியாணி. நான் நாற்காலி அடுக்குவதற்காகப் போனேன். பேர் கொடுத்திருந்த அதிகாரிகளில் ஒருவர் வரவில்லை. சித்தியவான் பக்கம் மீன் பிடிக்கப் போனவர் படகிலேயே தங்கிவிட்டாராம். நாற்காலி காலியாக இருந்தால் அடுத்த முறை நம் கவுன்சிலைக் கூப்பிடமாட்டார்கள் என்று கிராணிக்குப் பயம். தன் காரிலிருந்த மாற்றுச் சட்டையையும் கழுத்துப்பட்டையையும் எனக்கு மாட்டிவிட்டார்.

“பேசாத. சிரிக்காத. அவுங்க தலையாட்டினா நீயும் ஆட்டு.”

இந்த மூன்றும் எனக்குப் பிறவியிலேயே வரும். இரண்டு நாளும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மலாய்தானே, பாதிக்குமேல் புரிந்தது. ‘பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், உங்கள் கஷ்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். யார் எப்படித் தீர்க்கிறார்கள் என்று சிறிய அளவில் செய்து பார்த்து, பிறகு வாங்குங்கள்’ என்றார்கள். மிஸ் பக்கம் பக்கமாக எழுதினார். கிராணி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்; அது ஆபீஸில் இருபது வருஷம் இருந்தவர்களுக்கு மட்டும் வரும் வித்தை. முடிவில் கோலாலம்பூர்காரர் என்னைக் காட்டி, ஆழ்ந்து யோசிப்பவர் என்று பாராட்டி, ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தார். என் மனைவி அதைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஊதுபத்தி இரண்டுக்கும் பொதுவானது.

வினை அந்தச் சான்றிதழில் வந்தது. புதிய முறையில் எதை வாங்கினாலும், பயிற்சி பெற்ற மூவர் தேர்வுக் குழுவில் இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் கவுன்சிலில் பயிற்சி பெற்றவர்கள் மிஸ், கிராணி, நான்.

“இவன் ஸ்டோர்ல பெட்டி தூக்குறவன் மிஸ்,” என்றார் கிராணி.

“அதிகாரி எண்டு அதிலை எழுதேல்லை. பயிற்சி பெற்றவர் எண்டுதான் கிடக்குது. சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே?” என்றார் மிஸ்.

கிராணி என்னை முறைத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

முதலில் வந்த கஷ்டம் புல். புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்புத் தாமானின் பின்னால் பழைய ஈயச் சுரங்கக் குளம் ஒன்று இருந்தது. கரை செங்குத்து, மண் பொடி மணல். அதில் புல் இடுப்பளவு வளர்ந்து, பாம்புகள் வீடுகளின் குசினி அடுப்புவரை வந்து பார்த்துவிட்டுப் போயின. கவுன்சிலின் ஆரஞ்சு மெஷின் கரையின் மேல்பகுதியோடு திரும்பிவிடும். கிராணி அதைவிடப் பெரிய ஆரஞ்சு மெஷின் வாங்கலாம் என்றார். மிஸ் மறுத்துவிட்டு, தானே டெண்டரை எழுதினார். குளக்கரையில் புல் கணுக்காலுக்குமேல் இருக்கக்கூடாது, கரை சரியக்கூடாது, எப்படிச் செய்வது என்பது உங்கள் பாடு, ஒரு மாதம் செய்து காட்டுங்கள், காட்டுகிற எல்லாருக்கும் ஒரே கூலி. அரைப் பக்கம்தான்.

கிராணி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“எந்த மெஷின்னு போடலையே மிஸ்?”

“மெஷின் எண்டு ஆர் சொன்னது?”

அந்த வாரம் என் மகனுக்கு இருமல். ஆட்டுப்பால் வாங்க, நான் பிறந்த தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் கைமாறியிருந்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனைக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். லயத்து வீடுகளில் மீதியிருந்த சிலரில் ஆட்டுக்கார அக்காவும் ஒருத்தி. புருஷன் இல்லை. ரப்பர் மரங்களின் அடியில் மேய்ந்து பெருகிய ஆடுகள்தான் அவளுடைய சொத்து. ஆடு செம்பனைக் குருத்தைக் கடித்தால் கன்று செத்துவிடும். அதனால் தீபாவளிக்குள் ஆடுகளை வெளியேற்றச் சொல்லி புது முதலாளி ஆள் அனுப்பியிருந்தார்.

“காம்பார் கறிக்கடைக்காரன் வந்து ஒவ்வொண்ணா முதுகைத் தடவிப் பாத்துட்டுப் போறான் தம்பி. எனக்கு யாரோ என் முதுகையே தடவுற மாதிரி இருக்கு. இதுங்க போயிட்டா நான் டவுன்ல போய்ச் சாப்பாட்டுக் கடையில மங்கு கழுவணும். மேய்க்க ஒரு கரட்டு நிலம் கிடைச்சா போதும்லா,” என்றாள்.

நான் டெண்டரைப் பற்றிச் சொன்னேன். நோட்டீஸ் போர்டில் எல்லாரும் பார்க்கத்தானே ஒட்டியிருந்தது. நான் போர்டுக்குக் கால் முளைக்க வைத்தேன், அவ்வளவுதான். ஆனாலும் மறுநாள் மிஸ்ஸிடம் போய், விலை கொடுக்கப்போகிறவர்களில் ஒருத்தி எனக்கு அக்கா முறை என்று தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

“அப்ப நீங்கள் மார்க் போடவேண்டாம். குழுவிலை சும்மா இருங்கோ.”

சும்மா இருப்பதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் பேராக்கிலேயே கிடையாது.

விலை கொடுக்கும் நாளில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தவுக்கே. இன்னொருவர் புல் மருந்து விற்கும் இளைஞர், காலில் பளபளக்கும் சப்பாத்து. மூன்றாவது அக்கா, ஒரு கிடாயைக் கயிற்றில் பிடித்தபடி. சாம்பிள் கொண்டுவரவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிராணி, கவுன்சிலின் வழக்கமான மெஷின் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். பழக்கம் விடவில்லை.

“எஞ்சின் எவ்வளவு பவர்?”

“வயிறு முட்டத் திங்கும் சார்.”

“எண்ணெய் செலவு?”

“உங்க புல்லுதான் எண்ணெய்.”

“ஸ்பேர் பார்ட் கிடைக்குமா?”

“பொட்டை ஆடு அதுவா போட்டுக்கும் சார்.”

“கேரண்டி?”

“பசிக்காத ஆட்டை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்களா?”

தவுக்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிராணி பேனாவை மூடினார்.

“மிஸ், மெஷினையும் ஆட்டையும் எப்படி ஒண்ணா வச்சு விலை பாக்குறது? மூணு கோட்டேஷனும் ஒரே சாமானுக்கு இருக்கணும்.”

“மூண்டு பேரும் ஒரே சாமானுக்குத்தான் விலை சொல்லினம். குட்டைப் புல். அதை எதாலை செய்யினம் எண்டது அவையின்ரை பாடு.”

கிராணி மெஷின் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

கரையை மூன்று துண்டாகப் பிரித்துக் கொடி நட்டோம். அந்த ஒரு மாதத்துக்கு ஆடுகளை அடைக்க, பழைய பம்ப் கொட்டகையை மிஸ் அனுமதித்தார். அக்கா அடுத்த நாள் விடியும்போதே ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கறிக்கடைக்காரர் தோட்டத்துக்குப் போய் வெறும் பட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம்.

தவுக்கேயின் துண்டில் முதல் நாளே வேடிக்கை. அவருடைய மருமகன் பெரிய மெஷினில் ஏறி உட்கார்ந்து கரையில் இறக்கினான். மெஷின் புல்லை வெட்டியபடி இறங்கி, அதே வேகத்தில் குளத்துக்குள்ளும் இறங்கியது. மருமகன் நல்ல நேரத்தில் குதித்துவிட்டான். தவுக்கே கரையில் நின்று நிதானமாகச் சொன்னார், “ஒண்ணும் ஆகலலா. கழுவுறேன்.” பிறகு சின்ன மெஷின் ஒன்றைக் கயிற்றில் கட்டி, மேலிருந்து இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வெட்டினார்கள். நன்றாகவே வெட்டினார்கள். மெஷினைவிடக் கயிறு பிடித்தவர்களுக்குத்தான் செலவு அதிகம் என்று தவுக்கேயே ஒப்புக்கொண்டார்.

மருந்து அடித்த துண்டில் ஒரே வாரத்தில் புல் கருகிப் போனது. எங்கள் கவுன்சில் தலைவருக்கு, மலாய்க்காரர், ‘துவான்’ என்போம், அது பார்க்கவே பிடித்துப்போனது. மழித்த தலைபோலச் சுத்தமாக இருக்கிறது என்று தன் தலையைத் தடவிச் சொன்னாராம்.

ஆட்டுத் துண்டில் புல் மெதுவாகத்தான் குறைந்தது. ஆடுகள் முதலில் தின்றது நாங்கள் நட்ட கொடிகளை. அடுத்து, தாமானில் ஒரு வீட்டுக்காரம்மாவின் செம்பருத்தியை. அந்த அம்மா கவுன்சிலுக்கு வந்து சத்தம் போட்டார். அக்கா ஒரு கோணி நிறைய ஆட்டுப்புழுக்கையைக் கொண்டுபோய் அவருடைய மிளகாய்ச் செடிகளுக்குப் போட்டுச் சமாதானம் செய்தாள். அடுத்த வாரம் அந்த வரிசையில் எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் பூச்செடியை ஆடு தின்றுவிட்டதாகப் புகார் சொல்லிக் கோணியோடு வந்தார்கள். அக்கா ஆடுகளை நீளக் கயிற்றில் கட்டி மேய்க்க ஆரம்பித்தாள். அதன் பிறகு புல்லைத் தவிர வேறொன்றும் குறையவில்லை.

மாதக் கடைசியில் துவான் குழுவோடு பார்வையிட வந்தார். முந்தின நாள் நல்ல மழை, அன்றும் தூறல். எல்லாரும் கரையின் மேல் குடைபிடித்து நின்றோம். மருந்துத் துண்டே போதும் என்பது துவானின் எண்ணம் என்று முகத்திலேயே தெரிந்தது. அக்கா கொட்டகை வாசலில் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். இன்று இல்லையென்று சொன்னால், ஆடுகளுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. தீபாவளியோ பக்கத்தில் வந்துவிட்டது.

துவான் சட்டென்று என் பக்கம் திரும்பினார். ஈப்போவில் பாராட்டு வாங்கியவர் நீதானே, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். நான் மார்க் போடக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது. மிஸ் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். துவான், மிஸ், கிராணி, தவுக்கே, மருந்துக்காரர், ஆடுகள். நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பார்வையிலிருந்து தப்பித்தால் போதும் என்று திரும்பி, காலுக்கு நேரே இருந்த துண்டில் இறங்கினேன்.

அது மருந்துத் துண்டு. இறங்கினேன் என்று சொல்வது மரியாதைக்காக. முதல் அடி வைத்தேன். மீதியைக் கரையே பார்த்துக்கொண்டது. வேர் செத்த மண் ஒரு பாய் அளவுக்கு என்னோடு சேர்ந்து கழன்று வந்தது. உட்கார்ந்தபடியே போய், இடுப்புவரை குளத்தில் நின்றேன். மேலே பார்த்தேன். நான் போன தடத்தில் கரை வாய் பிளந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். நான் சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மருந்துக்காரர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார். நான் தண்ணீரோரமாக நடந்து, ஆட்டுத் துண்டின் அடிப்புல்லைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தேன். வேறு வழியாக ஏறத் தெரியாததால்தான் அப்படி ஏறினேன்.

நடுத் துண்டையும் பார்க்கவேண்டாமா என்று துவான் கேட்டார்.

“அந்தப் பக்கம் வேணாம் துவான்,” என்றார் தவுக்கே. “என் மெஷின் ஏற்கெனவே விழுந்து பாத்துச்சுலா.”

மிஸ் அங்கேயே துவானிடம், என் மார்க்கைச் சேர்க்கவில்லை, அந்தப் பெண் இவருக்கு வேண்டியவர் என்று சொல்லிவிட்டார். துவான் உடைந்த கரையைக் காட்டி, கரை மார்க் போட்டுவிட்டது என்றார். ஒரு வருஷத்துக்கு அக்காவுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. கொட்டகையும் அதில் சேர்த்தி. கிராணியும் கையெழுத்துப் போட்டார். ஆனால் பேனாவைப் பல்லைக் கடிப்பதுபோல அழுத்திப் பிடித்தார்.

தீபாவளி கழிந்தது. வருஷம் பிறந்து சில வாரங்களில் ஆடுகள் குட்டி போட்டன. கறுப்பும் வெள்ளையுமாகக் கரை முழுக்கத் துள்ளின. ஒரு காலையில் கிராணி சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக ஸ்டோருக்கு வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனார். கவுன்சிலின் மேசை, நாற்காலி, மண்வெட்டி எல்லாவற்றிலும் சிவப்பு எண் எழுதியிருக்கும். கவுன்சில் சொத்து என்பதற்கு அடையாளம்.

“எதுக்கு சார் பெயிண்ட்டு?” என்றாள் அக்கா.

“குட்டிக்கு நம்பர் போடணும்மா. நீ கொண்டு வந்த ஆடு உன்னோடது. இங்க வந்து பொறந்தது கவுன்சில் எடத்துல, கவுன்சில் புல்லுல. அது கவுன்சில் சொத்து. வருசக் கடைசியில ஏலம் போட்டுருவோம்.”

அவர் விளையாடவில்லை. ஆடிட்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று ராத்திரி தூங்காமல் யோசித்திருக்கிறார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கிழட்டு ஆடுகளைக் கழித்து, குட்டிகளை வளர்த்துத்தான் மந்தை நிற்கும். குட்டி போனால் இரண்டு வருஷத்தில் அவளிடம் கயிறு மட்டும்தான் இருக்கும். நான் நைசாக நழுவி, தாமான் கடையிலிருந்து மிஸ்ஸுக்கு போன் செய்தேன். என் வாழ்க்கையில் நானாகச் செய்த முதல் போன் அது. “வாங்க மிஸ்” என்பதற்குமேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவர் வந்துவிட்டார்.

அதற்குள் அக்காவுக்கு ரோஷம் திரும்பியிருந்தது.

“சரி சார், குட்டி உங்களோடதுன்னே வச்சுக்குவோம். போன வாரம் ஒரு குட்டி துவான் வீட்டு டிரைவரோட ரோஜாச் செடியைத் தின்னுச்சு. அந்த நஷ்டத்தை யாரு குடுப்பா? கவுன்சிலா?”

கிராணி தூரிகையை டப்பாவுக்குமேல் பிடித்தபடி நின்றார்.

“மழையில ஒண்ணு சளி பிடிச்சுச் செத்தா, கவுன்சில் சொத்து செத்துச்சுன்னு ரிப்போர்ட் யாரு எழுதுவா? நீங்களா? ஆடிட்காரன் வந்து எண்ணுறப்ப அதுங்க நிக்காது சார். துள்ளிக்கிட்டே இருக்கும். எப்படி எண்ணுவீங்க?”

அப்போதுதான் குட்டிகளைக் கிராணி முதன்முறையாகச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒன்று அவருடைய கால்சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது. மிஸ் ஒப்பந்தத்தை விரித்தார்.

“இதிலை ஆடு எண்ட சொல்லே இல்லை, சார். ஆட்டை நாங்கள் வாங்கேல்லை, வாடகைக்கும் எடுக்கேல்லை. பிறகு குட்டி எப்படி எங்கடை சொத்தாகும்?”

“அப்ப ஆடிட்டுக்கு என்ன மிஸ் சொல்றது?”

“புல்லின்ரை உயரத்தை அளந்து சொல்லுங்கோ. நாங்கள் காசு குடுத்தது அதுக்குத்தான்.”

கிராணி கால்சட்டையைக் குட்டியின் வாயிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார். பிறகு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அவர் முகத்தில் தெரிந்தது தோல்வி இல்லை, நிம்மதி. எண்ணவேண்டிய சாமான் இவ்வளவு குறைந்துபோகும் என்று யாரும் அவருக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை. திரும்பும் வழியில் லாரியில் என்னிடம் கேட்டார்.

“அந்தக் குப்பை லாரி டெண்டரையும் இப்படி எழுதலாமாடா?”

நான் தலையாட்டினேன்.

லாரியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அக்கா தாய் ஆடுகளை அவிழ்த்து, குட்டிகளையும் சேர்த்து, புல் நீண்டிருந்த எதிர்க்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். ஒன்றின் முதுகிலும் எண் இல்லை.

எழுதி முடித்தது: 1989 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை.